அரை ஆம்பியர் வெளிச்சம்: சைக்கிள் டைனமோ விளக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அதிகாலை மூன்று மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடை வாசலில் நாலைந்து சைக்கிள்கள் சாய்ந்து நின்றால், பேச்சு எப்படியும் விளக்கில் வந்து நிற்கும். "உங்களுது எத்தனை லூமன்?" என்று, விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவை ஒருவர் கேட்பார். "ஆயிரத்து இருநூறு" என்பார் இன்னொருவர், கொஞ்சம் பெருமையாகவே. மூன்றாமவர் தன் விளக்கை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருப்பார், சார்ஜ் தீர்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது, சக்கரம் சுற்றுவதிலிருந்தே விளக்குக்கு மின்சாரம் எடுக்கும் டைனமோ என்று வாயெடுத்தால் போதும். மிதிக்க முடியாது, நின்றால் அணைந்துவிடும், வேகமாகப் போனால் பல்ப் போய்விடும், வெளிச்சம் மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும் என்று நாலு திசையிலிருந்தும் பதில் வரும்.

நாலும் முழுப் பொய்யில்லை. ஆனால் அதெல்லாம் நம் அப்பா ஓட்டிய சைக்கிளின் டைனமோவைப் பற்றிய பேச்சு. இன்று வரும் டைனமோ வேறு, விளக்கும் வேறு. அதைவிட முக்கியம், "எத்தனை லூமன்" என்ற கேள்வியே டைனமோவுக்குப் பொருந்தாது. எந்தச் சாலையில், என்ன வேகத்தில் ஓட்டப்போகிறோம் என்பதில்தான் தேர்வு தொடங்குகிறது. ஏன் என்று புரிய, முதலில் அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

புட்டியிலிருந்து ஹப்புக்கு

விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்துவார் என்ற பயம் இருந்த காலத்தில் டைனமோ என்றால் டயரின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் சின்ன இரும்புப் புட்டிதான். இருட்டியதும் அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டினால் டயரோடு ஒட்டிக்கொள்ளும். 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம், உடனே பெடலில் ஒரு கனம். மழை பெய்தால் உருளை வழுக்கும், விளக்கு மினுக்கும்.

அந்தக் கனத்துக்குக் காரணம் இருந்தது. புட்டியின் தலையில் இருக்கும் உருளை இரண்டு சென்டிமீட்டர் அகலம்தான். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சைக்கிள் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 120 சுற்று சுற்றும்போது, அந்தக் குட்டி உருளை 3,000 சுற்றுக்கு மேல் சுற்றியாக வேண்டும். ரப்பரை நசுக்கி, உரசி, சத்தம் போட்டு ஓடுவதிலேயே நம் உழைப்பில் பெரும்பங்கு போய்விடும். விளக்குக்குப் போனது மிச்சம்.

ஹப் டைனமோவில் இந்த உரசலே கிடையாது. முன்சக்கரத்தின் நடுவில், போக்ஸ் கம்பிகள் வந்து சேரும் ஹப்புக்குள்ளேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. செம்புக் கம்பிச் சுருள் அச்சோடு அசையாமல் நிற்கும். சுற்றிலும் காந்தங்கள் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். கம்பிச் சுருளின் அருகில் காந்தம் நகர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-இல் காட்டிய அதே சங்கதிதான். இது புது யோசனையும் அல்ல. இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936-லேயே 'டைனோஹப்' விற்றது. இன்று ஜப்பானின் ஷிமானோ, ஜெர்மனியில் டூபிங்கன் ஊரில் தயாராகும் எஸ்ஓஎன், தைவானின் ஷட்டர் பிரிசிஷன் ஆகியவை பலரும் பயன்படுத்துபவை.

காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் மாறி மாறிக் கடப்பதால், வரும் மின்சாரமும் திசை மாறி மாறி வரும். இதற்குப் பெயர் மாறுதிசை மின்னோட்டம். வீட்டு பிளக்கில் வருவதும் அதுதான். இலக்கணம் பார்த்தால் இதை டைனமோ என்றே சொல்லக்கூடாது, ஆல்டர்நேட்டர் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சண்டையை எஞ்சினியர்களிடம் விட்டுவிடுவோம். அந்தத் திசைமாற்றத்தை மட்டும் மறக்க வேண்டாம், கொஞ்சத்தில் அதற்கு வேலை வருகிறது.

இதுவரை: பழைய புட்டி டைனமோ உரசலால் கனத்தது. ஹப் டைனமோவில் உரசல் இல்லை; காந்தம் சுற்றுகிறது, சுருள் நிற்கிறது, திசை மாறும் மின்சாரம் வருகிறது.

கையில் சுற்றிப் பார்த்தால் ஏமாறுவோம்

ஹப் டைனமோவை வாங்கிப் பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: அச்சை விரலால் பிடித்துத் திருகிப் பார்ப்பது. 'கடக் கடக்' என்று ஒவ்வொரு படியாக இடறும். "ஐயோ, இதையா மூவாயிரம் தடவை சுற்றப் போகிறோம்" என்று முகம் மாறும். நானும் முதல்முறை அப்படித்தான் பயந்தேன்.

அந்த இடறல் உண்மையான சுமை அல்ல. காந்தம் ஒரு நிலையில் நம்மைப் பிடித்து இழுக்கிறது. அதைத் தாண்டியதும் அடுத்த நிலை நம்மைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சின்ன மேடுகள் வரிசையாக இருக்கும் சாலை மாதிரி. ஒவ்வொன்றிலும் ஏறுவதற்குச் செலவானதை இறங்கும்போது ஏறக்குறைய திரும்பப் பெற்றுவிடுவோம். உருளும் சைக்கிளில் அது தெரியவே தெரியாது.

அப்படியென்றால் உண்மையான சுமை எவ்வளவு? விளக்கு 3 வாட் எடுக்கிறது. நல்ல ஹப் டைனமோ நம் காலிலிருந்து வாங்குவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மின்சாரமாகத் தரும். ஆக, கால் கொடுப்பது 5 வாட்டுக்குள். நிதானமாக மிதிக்கும் ஒருவர் 100 வாட் அளவில் தருகிறார் என்று வைத்தால், இது இருபதில் ஒரு பங்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு கிடுகிடுவென ஏறுவதால், இந்தக் குறைவு வேகத்தில் இரண்டு சதவீதம் அளவில்தான் தெரியும். மணிக்கு ஒரு நிமிடச் சொச்சம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். டீக்கடையில் இரண்டாவது வடையைத் தவிர்த்தால் ஈடாகிவிடும்.

எவ்வளவு மிதித்தாலும் அரை ஆம்பியர்

இதுதான் கட்டுரையின் நடுக்கம்பம். இங்கே கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

வேகமாக மிதித்தால் மின்சாரம் கூடிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பல்ப் வெடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அப்படி இல்லை. காய்கறி ஏற்றிய ஒரு தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதை முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுத்து ஆட்டுகிறீர்கள். முன்னால் தள்ளும்போது வண்டி ஒரு வேகம் எடுக்கும். உடனே பின்னால் இழுக்கிறீர்கள். இப்போது இரண்டு மடங்கு பலத்தோடு தள்ளுங்கள், ஆனால் இரண்டு மடங்கு சீக்கிரமாகத் திசையை மாற்றுங்கள். வண்டி எட்டும் வேகம் என்ன? பழைய அதே வேகம்தான். பலம் இரட்டித்தது, அந்தப் பலம் வேலை செய்யக் கிடைத்த நேரமோ பாதியாகிவிட்டது.

கம்பிச் சுருளிலும் இதே கதை. சக்கரம் வேகமாகச் சுற்றினால் மின்னழுத்தம், அதாவது மின்சாரத்தைத் தள்ளும் பலம், கூடுகிறது. அதே சமயம் திசைமாற்றமும் அதே அளவு வேகமாகிறது. சுருளுக்கோ தன்னில் ஓடும் மின்னோட்டம் மாறுவது பிடிக்காது. மாற்றத்தை எதிர்த்து அடம்பிடிக்கும். இந்த அடத்துக்குத் தன் மின்தூண்டல் என்று பெயர். தள்ளுவண்டியின் கனம் எதுவோ அதுதான் சுருளுக்கு இது. விளைவாக, ஓரளவு வேகம் வந்த பிறகு நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் மின்னோட்டம் அரை ஆம்பியரை ஒட்டியே நின்றுவிடும்.

பழைய தரக்கணக்கு 6 வோல்ட், 3 வாட் என்பதும் இதையொட்டித்தான் வந்தது. முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட். இரண்டும் சேர்ந்து சரியாக அரை ஆம்பியரைப் பங்கிட்டுக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் பல்ப் போனதற்கான காரணமும் இதில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு சைக்கிளில் முன் பல்ப் போன அன்றே பின் பல்பும் போய்விடும். கடையில் இரண்டாக வாங்க வேண்டியிருக்கும் என்று அப்பா சலித்துக்கொள்வார். முன் பல்ப் 0.4 ஆம்பியரையும் பின் பல்ப் 0.1 ஆம்பியரையும் எடுத்துக்கொண்டிருந்தன. முன்னது அறுந்ததும், டைனமோ தன் அரை ஆம்பியரை எப்படியாவது தள்ளப் பார்க்கும். நாலு பேர் சாப்பாட்டையும் ஒரு குழந்தையின் வாயில் திணித்தால் என்னாகும்? பின் பல்ப் பட்டென்று போய்விடும். இன்றைய எல்இடி விளக்குகளுக்குள் இதைத் தாங்கும் சுற்று இருக்கிறது. பார்க்கப்போனால், மாறாத மின்னோட்டம்தான் எல்இடிக்குப் பிடித்த உணவு.

மின்னோட்டம் அதிகரிக்காது என்றால் வெளிச்சத்தை எப்படிக் கூட்டுவது? வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஆம்பியர் நிலையாக இருப்பதால், எல்இடிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வோல்ட்டை உயர்த்தினால் வாட் கூடும். ஒரு வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். இரண்டு கோத்தால் அரை ஆம்பியரில் 3 வாட்; மூன்று கோத்தால் 4.5 வாட். ஆனால் அந்த 9 வோல்ட்டை எட்டச் சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும். மெதுவாகப் போகும்போது மூன்று எல்இடி விளக்கு, இரண்டு எல்இடி விளக்கைவிட மங்கலாகவே எரியலாம். இதைத் தலையில் குறித்துக்கொள்ளுங்கள். மண் பாதையில் உதவும்.

சுருக்கமாக: ஹப் டைனமோ தருவது ஏறத்தாழ மாறாத அரை ஆம்பியர். அதிக வாட் வேண்டுமென்றால் அதிக வேகம் வேண்டும். பேட்டரி விளக்கைப் போல 1,200 லூமன் கனவு இங்கே செல்லாது. 3 வாட்டில் கிடைப்பது சில நூறு லூமன்தான்.

வாசல் தெளிப்பதும் வேருக்கு ஊற்றுவதும்

அந்தச் சில நூறு போதுமா? போதும், சிந்தாமல் பயன்படுத்தினால்.

ஒரு குடம் தண்ணீர் இருக்கிறது. அதை வாசல் முழுக்கத் தெளிக்கலாம். அப்படியே ஒரு கன்றின் வேரில் ஊற்றவும் செய்யலாம். குடத்தில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் என்பது லூமன்: விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியேறும் ஒளியின் மொத்த அளவு. ஓரிடத்தில் மண் எவ்வளவு நனைந்தது என்பது லக்ஸ்: ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் லூமன். சைக்கிள் விளக்குக்கு லக்ஸ் போட்டிருந்தால், பொதுவாக 10 மீட்டர் தள்ளி, கற்றையின் மிகப் பிரகாசமான புள்ளியில் அளந்தது என்று பொருள். ஜெர்மனியின் புஷ் அண்ட் முல்லர் நிறுவனத்தின் ஐகியூ-எக்ஸ் என்ற டைனமோ விளக்கு அந்த அளவில் 100 லக்ஸ் தருகிறது. அதுவும் டைனமோ தரும் அதே அரை ஆம்பியரில். கண்ணாடி வளைவு செய்யும் வேலை அது.

ஆனால் லக்ஸ் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒரு புள்ளியில் மட்டும் குவித்தால் எண் ஏறும். சாலை இருட்டாகவே இருக்கும். கடைசியில் பார்க்க வேண்டியது ஒளி எந்த வடிவத்தில் விழுகிறது என்பதை.

தார் சாலைக்கு: மேலே வெட்டு, தூரத்தில் குவிப்பு

விளக்கு, தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 5 மீட்டரில் இருக்கும் சாலையையும் 30 மீட்டரில் இருக்கும் சாலையையும் அது ஒரே பலத்தோடு பார்த்தால், தூரத்தில் விழும் வெளிச்சம் 200 மடங்குக்கு மேல் மெலிந்துவிடும். தூரம் கூடியதால் ஒளி பரவுகிறது. போதாததற்குச் சாலையை மிகச் சாய்வாகத் தொடுவதால் இன்னும் நீளமாக இழுபடுகிறது. சாதாரண டார்ச்சைக் கட்டிக்கொண்டு ஓட்டினால் முன்சக்கரத்தடியில் பளீரென்றும் அதற்கப்பால் குருடாகவும் தெரிவது இதனால்தான். அருகில் இருக்கும் பளபளப்பு கண்ணைக் கூசவைத்து, தூரத்து இருட்டை இன்னும் இருட்டாக்குகிறது.

சாலைக்கென்று செய்த விளக்கு இதைத் தலைகீழாக்குகிறது. கற்றையின் மேல்பகுதியில் அதிக ஒளி, கீழே வர வர குறைவு. சாலையில் விழும்போது ஒரு நீண்ட கம்பளம் விரித்த மாதிரி சமமாகத் தெரியும். மேல் விளிம்புக்கு அப்பால் ஒளி சட்டென்று நின்றுவிடும். இதற்குக் கட்-ஆஃப் என்று பெயர் (கலந்தாய்வு கட்-ஆஃப் நினைவுக்கு வந்தால் மன்னிக்கவும்). எதிரே வருபவர் கண்ணில் ஒளி அடிக்காது. வானத்துக்குப் போய் வீணாகவும் செய்யாது. டிம் அடித்த கார் விளக்கின் தத்துவம்தான்.

இதில் ஜெர்மானியர்களின் பிடிவாதத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அங்கே சைக்கிள் விளக்குக்கும் வாகனச் சட்டம் உண்டு. குறைந்தபட்ச லக்ஸும், கட்-ஆஃபுக்கு மேலே கூச்சம் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற வரம்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். 2013 வரை சாதாரண சைக்கிள்களில் டைனமோவே கட்டாயமாக இருந்தது. அதன் பிறகுதான் பேட்டரி விளக்கையும் ஏற்றுக்கொண்டார்கள். சோதனையில் தேறிய விளக்கில் அலைபோன்ற ஒரு கோடும், 'கே' எழுத்தும், எண்ணும் பொறித்திருக்கும். தார் சாலைக்கு வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் இருக்கும் லூமன் எண்ணைவிட எனக்கு அது பெரிய சான்று.

மண் பாதைக்கு: அதே விளக்கு ஏன் கைவிடுகிறது

நல்ல கட்-ஆஃப் விளக்கோடு ஒருமுறை ஏரிக்கரை மண் பாதையில் இறங்கினேன். பாதை அழகாகத் தெரிந்தது. சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த சீமைக்கருவேலக் கிளை மட்டும் தெரியவில்லை. கட்-ஆஃபுக்கு மேலே இருந்தது அது. ஹெல்மெட் காப்பாற்றியது, காதில் முள் கீறியது.

மண் பாதையில் ஆபத்து தரையில் மட்டும் இல்லை. தலை உயரத்தில் கிளை இருக்கும். பாதை திடீரென்று மேலேறும், பள்ளத்தில் இறங்கும். அங்கே எதிரே லாரி வருவதில்லை, ஆகவே ஒளி மேலேயும் பக்கங்களிலும் சிந்தட்டும். வட்டமாகப் பரவும் கற்றைதான் அங்கே வசதி. அதையே நெடுஞ்சாலையில் எரித்தால் எதிரே வருபவர் நம் வம்சத்தையே வாழ்த்துவார்.

அடுத்த சிக்கல் வேகம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில், 28 காந்த முனை கொண்ட ஹப், நொடிக்கு 28 தடவை அளவில் முழு அலை தரும். விளக்கு அதை நேராக்கும்போது நொடிக்கு 56 துடிப்பு, கண்ணுக்குத் தெரியாது. செங்குத்தான மண் ஏற்றத்தில் 5 கி.மீ. வேகத்துக்கு இறங்கினால் துடிப்பு நொடிக்கு 19 அளவுக்குக் குறையும். வெளிச்சம் படபடக்கும், மங்கும். அதுவும் கல் எது பள்ளம் எது என்று தேடும் நேரத்தில்தான் இப்படி ஆகும். 700, 800 லூமன் என்று விற்கும் மண் பாதை விளக்குகளின் எண் நல்ல வேகத்தில் எட்டும் உச்சம். அதை வாங்குமுன் 8, 10 கி.மீ. வேகத்தில் எப்படி எரிகிறது என்று தேடிப் பாருங்கள்.

நிழலையும் சொல்ல வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தலையில் தாழ்வாக மாட்டிய விளக்கு சின்னக் கல்லுக்கும் நீண்ட நிழல் போடும். மேடு பள்ளம் துல்லியமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு குழியும் கிணறு மாதிரி பயமுறுத்தும். ஹேண்டில்பாரில் மாட்டினால் நிழல் குறையும். தலையில் ஒரு சின்ன பேட்டரி விளக்கு இருந்தால் வளைவில் எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அங்கே ஒளி முன்கூட்டியே போகும்; ஹேண்டில் விளக்கு வளைவைத் தாண்டி நேரே புதரைத்தான் காட்டும்.

என் கணிப்பைச் சொல்கிறேன். கனடாவின் பான்ஃபிலிருந்து அமெரிக்க–மெக்சிகோ எல்லை வரை 4,300 கி.மீ.க்கு மேல் ஓடும் 'டூர் டிவைட்' போன்ற நீண்ட சரளைப் பாதைப் பயணத்துக்கு டைனமோ அருமை. பல நாள் பிளக் கிடைக்காது, பாதையும் ஓரளவு வேகமாக ஓடக்கூடியது. 1,200 கி.மீ.யை 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பிரான்ஸின் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸுக்கும், அதேபோல் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, நம் ஊரில் நடக்கும் 300, 400, 600 கி.மீ. நீண்டதூர ஓட்டங்களான ப்ரெவேக்களுக்கும் கட்-ஆஃப் விளக்கோடு டைனமோ இருந்தால் கவலையே இல்லை. ஆனால் வார இறுதியில் இரண்டு மணி நேரம் காட்டுப் பாதையில் குதித்து வருவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் டைனமோவே வேண்டாம். நல்ல பேட்டரி விளக்கு ஒன்று, தலைக்கு ஒன்று. பணமும் மிச்சம்.

தாரும் மண்ணும் கலந்து ஓட்டுபவர்கள் கட்-ஆஃப் விளக்கை டைனமோவில் வைத்துக்கொண்டு, மண்ணில் இறங்கும்போது மட்டும் தலை விளக்கை எரிப்பது நல்ல சமரசம். நான் செய்வது அதுதான்.

நின்றால் அணையுமா?

சில நிமிடம் அணையாது. விளக்குக்குள் ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. ஃபேன் ரிப்பேர்காரர் 'கண்டன்சர்' என்பாரே, அந்தக் குடும்பம். மோட்டாரை நிறுத்தினாலும் மாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் குழாயில் வருவது போல, ஓட்டும்போது சேர்த்துவைத்த மின்சாரத்தைச் சிக்னலில் நிற்கும்போது தரும். ஒளி மங்கலாக இருக்கும். பஞ்சர் ஒட்டப் போதாது. ஆகவே டைனமோக்காரரும் பையில் ஒரு சின்ன டார்ச் வைத்திருப்பார்.

போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் இதே அரை ஆம்பியர்தான். விளக்கையும் போனையும் ஒன்றாகக் கேட்டால் இரண்டும் அரைவயிறு. பகலில் பவர் பேங்குக்கு, இரவில் விளக்குக்கு.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

ஹப் டைனமோ வாங்குவது ஒரு சக்கரம் கட்டுவதற்குச் சமம். ரிம்மில் எத்தனை கம்பித் துளையோ அத்தனை துளை ஹப்பிலும் வேண்டும். டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா? ஃபோர்க்கில் செருகும் அச்சு, நெம்பி இறுக்கும் மெல்லிய பழைய குவிக் ரிலீஸா, ஃபோர்க்கின் இரு காலையும் ஊடுருவிச் செல்லும் 12 மி.மீ. அல்லது 15 மி.மீ. த்ரூ ஆக்சிலா? இவற்றை அளந்து எழுதிக்கொண்டுதான் ஆர்டர் செய்ய வேண்டும். கம்பி கோத்துக் கோட்டம் எடுக்கத் தெரிந்த கையைத் தேடிக் கொடுங்கள். சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விடவும். இல்லையென்றால் முதல் பள்ளத்திலேயே பிடுங்கிக்கொள்ளும்.

மாட்டிய அன்று இரவே ஒரு வெள்ளைச் சுவரின் முன்னால் சைக்கிளை நிறுத்துங்கள். விளக்கு இருக்கும் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி ஒருவர் சுற்ற, இன்னொருவர் பார்க்க வேண்டும். ஐந்து மீட்டர் தள்ளி நின்றாலும் பத்து மீட்டர் தள்ளி நின்றாலும் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஏறினால் விளக்கை ஒரு மயிரிழை கீழே சாயுங்கள், திருகை இறுக்குங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறுக்குங்கள். புதுத் திருகு எப்படியும் கொஞ்சம் இளகியிருக்கும்.